மண்வெட்டி தண்டனையல்ல



காலை ஏழரை மணி. பாடசாலை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஐந்து நிமிடம் பிந்தி வந்து வாசலில் தலைகுனிந்து நிற்கிறான். ஆசிரியர் அவனை ஏற இறங்கப் பார்க்கிறார். "போய்த் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கு" என்று கட்டளையிடுகிறார். அவனுடைய தோழர்கள் வகுப்பில் இருந்து பாடம் படிக்க, அவன் மட்டும் வெயிலில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குகிறான். மாலையில் அவன் வீடு திரும்புகிறான். கணக்குக் கொப்பியில் புள்ளி குறைந்திருக்கிறது. தகப்பனார் அதைப் பார்த்துவிட்டுச் சினத்தோடு சொல்கிறார்: "படிக்காவிட்டால் நீ மண்வெட்டி பிடிக்கத்தான் போகிறாய்!"

அந்தப் பிள்ளை அன்று என்ன படித்தான்? காலையில் பாடசாலையிலும் மாலையில் வீட்டிலும் அவனுக்கு ஒரே பாடம்தான் கிடைத்தது. மண் என்பது குற்றம் செய்தவனுக்குரிய இடம், தோட்டம் என்பது தண்டனை, மண்வெட்டி என்பது தோற்றுப்போனவனின் அடையாளம் என்பதே அந்தப் பாடம். அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் யாரும் அச்சிடவில்லை. ஆயினும் அச்சிட்ட பாடங்களை எல்லாம் மறந்த பின்னரும் பிள்ளை மறக்காத பாடம் அதுவே.

இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது இதுதான். நம்முடைய சிறு பிள்ளைகளுக்கு மண்ணைப் பற்றி நாம் என்ன கற்றுக் கொடுக்கிறோம்?

பாவத்திற்கு முந்திய வேலை

மண்வேலை ஒரு சாபம் என்று எண்ணுவோர் நம்மிடையே பலருண்டு. ஆதாம் பாவம் செய்தான், அதனால் நிலத்தைக் கொத்தி வியர்வை சிந்தி உண்ணும்படி இறைவன் அவனைத் தண்டித்தார் என்று நாமும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆதியாகமத்தை நிதானமாகத் திறந்து பாருங்கள். வியர்வையும் முள்ளும் வருவது மூன்றாம் அதிகாரத்தில். அதற்கு முன்பே, இரண்டாம் அதிகாரம் பதினைந்தாம் வசனத்தில், பாவம் என்ற சொல்லே இன்னும் உலகத்துக்குள் நுழையாத வேளையில், இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் பணிக்கிறார். மனிதனுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் தோட்டக்காரன் உத்தியோகம். அது தண்டனையாக அல்ல, நம்பிக்கையின் அடையாளமாகவே கொடுக்கப்பட்டது. பாவத்தின் பின் வந்தது களைப்பு. வேலையோ அதற்கு முன்னமே இருந்தது.

அந்த வசனத்தில் வரும் இரண்டு எபிரேயச் சொற்களையும் கவனிக்க வேண்டும். ஒன்று ஊழியம் செய்வதைக் குறிக்கும். மற்றது காவல் காப்பதைக் குறிக்கும். பிற்காலத்தில் லேவியர் திருக்கூடாரத்தில் செய்த பணியைச் சொல்லவும் வேதாகமம் இதே இரு சொற்களையே எடுத்தாளுகிறது. ஆலயத்தைப் பேணுபவனுக்கும் நிலத்தைப் பேணுபவனுக்கும் ஒரே சொல் என்றால், மண்வேலையை நாம் எவ்வளவு மரியாதையோடு பார்க்க வேண்டும்!

ஆதாம் என்ற பெயரே 'அதாமா', அதாவது மண், என்ற சொல்லோடு உறவுள்ளது. விபூதிப் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் சாம்பலிடும்போது நாம் மண் என்பதை நினைவூட்டுகிறார். அதைக் கேட்டு நாம் மரணத்தை மட்டுமே நினைக்கிறோம். நம் பிறப்பும் அங்கேதான் என்பதை ஏன் மறந்துவிடுகிறோம்? மண்ணை இழிவாகப் பேசுகிறவன் தன் தாய்வீட்டை இழிவாகப் பேசுகிறான்.

நம் கரையோர மண்

மண் என்று பொதுவாகப் பேசிவிட்டு நின்றால் போதாது. நாம் வாழும் சிலாபத்துக் கரையோர மண்ணை எடுத்துக்கொள்வோம். கடலோரம் நெடுகிலும் மணற்பாங்கான நிலம். உள்ளே செல்லச் செல்லச் செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த நிலம். மணல் நீரைப் பிடித்து வைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த சில நாட்களிலேயே மேல்மண் காய்ந்துவிடும். நீரோடு சேர்ந்து சத்தும் கீழே இறங்கிவிடும். இப்படிப்பட்ட நிலத்திலேதான் நம் முன்னோர் தென்னையை நட்டு, சிலாபம், குருநாகல், கம்பஹா என்று விரிந்த தென்னை முக்கோணத்தை உருவாக்கினார்கள்.

எப்படி முடிந்தது? அவர்கள் மண்ணுக்கு உணவு கொடுத்தார்கள். உரித்த தேங்காயின் பொச்சுமட்டையை வீணாக்காமல், மரங்களுக்கிடையே குழிவெட்டி அடுக்கி, மண்ணிட்டு மூடினார்கள். பொச்சு தன் எடையைவிடப் பலமடங்கு நீரைக் குடித்து வைத்திருக்கும். மாசி, பங்குனி வெயிலில் அந்த ஈரத்தைத் தேடி வேர் செல்லும். பொச்சிலுள்ள பொட்டாசியச் சத்தும் மெல்ல மெல்ல மரத்துக்குப் போய்ச் சேரும். விழுந்த ஓலையை மரத்தடியில் பரப்பினார்கள். மாட்டை மரத்தடியில் கட்டினார்கள். காரணம் கேட்டிருந்தால் விஞ்ஞானப் பெயர் சொல்லத் தெரிந்திராது. காரியம் மட்டும் தெரிந்திருந்தது.

அந்தக் காரியத்தின் காரணத்தை ஆராய, நமக்கு அண்மையிலுள்ள லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1929ஆம் ஆண்டில் தென்னை ஆராய்ச்சித் திட்டம் என்ற பெயரில் அது ஆரம்பமாயிற்று. பொச்சுக்குழியையும், மரத்தடியில் மூடாக்கு இடுவதையும், கிளிசரியா என்னும் சீமைக்கிளுவையின் இலையைப் பசுந்தாட் பசளையாக இடுவதையும் அந்நிலையம் இன்றும் பரிந்துரைக்கிறது. காற்றிலுள்ள நைதரசனைத் தன் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களின் துணையால் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும் மரம் கிளிசரியா. வேலிக்கு நட்ட கதியால் நிலத்துக்கும் சோறுபோடுகிறது. தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக நம் நாட்டு அரசாங்கம் அதனை ஏற்றிருக்கிறது. நம் வேலியில் நிற்கும் இந்த மரத்தின் அருமை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவசரம் தந்த இரண்டு பாடங்கள்

மண்ணை அறியாதவர்களாய் நாம் அவசரப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு.

1980களில் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகத் தொடங்கின. வாவியோரத்துக் கண்டற்காடுகளும் சதுப்பு நிலங்களும் வெட்டித் திறக்கப்பட்டன. கையில் காசு புரண்டது. ஆனால் கண்டல் நின்ற சேற்றுக்கு ஒரு குணமுண்டு. அதில் கந்தகம் அடங்கிக் கிடக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை அது தீங்கு செய்யாது. வெட்டித் திறந்து காற்றுப் படவிட்டால் அமிலமாக மாறும். அந்த அமிலத்தில் இறாலும் நலிந்துபோகும், பயிரும் வளராது. அதோடு, பண்ணைகள் பலவும் டச்சுக் கால்வாயிலிருந்தே நீரை எடுத்து, கழிவையும் அதே கால்வாயிலேயே விட்டன. ஒரு பண்ணையின் நோய் மறு பண்ணையின் வாசலுக்கு வருவதற்கு வேறு வழி வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைக்காரர் பலர் கடனாளிகளாயினர். குளங்கள் கைவிடப்பட்டன. சதுரம் சதுரமாக வெட்டப்பட்டு, நெல்லுக்கும் உதவாமல், தென்னைக்கும் உதவாமல், மீன்குஞ்சுக்கும் உதவாமல் கிடக்கும் பள்ளங்களை வாவியோரங்களில் இன்றும் காணலாம்.

அந்தப் பண்ணைகளை அமைத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. பிள்ளைகளைப் படிப்பிக்கவும், பெண்பிள்ளைகளைக் கரைசேர்க்கவும் நினைத்து, நகையை அடகு வைத்து முதலிட்ட ஏழைக் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் தீயவர்களாயிருந்ததால் கெட்டுப்போகவில்லை. காலடியிலுள்ள சேற்றின் குணத்தை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இரண்டாவது பாடம் 2021ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்தது. நாடு முழுவதும் உடனடியாகச் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்றார்கள். சேதனப் பசளை நல்லதுதான். ஆனால் பல தலைமுறையாக யூறியாவுக்குப் பழகிய நிலத்தை ஒரு போகத்தில் மாற்றிவிட முடியுமா? கூட்டெருவை நாடு முழுவதற்கும் போதுமான அளவில் யார் ஆயத்தம் செய்து வைத்திருந்தார்? நவம்பர் மாதத்தில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவில் வீழ்ந்தது. விவசாயி வீட்டில் கண்ணீரும் நகரத்து வீட்டில் அரிசித் தட்டுப்பாடும் வந்தன.

ஒன்று இலாபத்தின் அவசரம், மற்றது சட்டத்தின் அவசரம். இரண்டுமே மண்ணைக் கேட்காமல் எடுத்த முடிவுகள். மண் அவசரத்துக்குக் கீழ்ப்படியாது. ஓர் அங்குல மேல்மண் உண்டாவதற்குப் பல நூறு ஆண்டுகள் செல்லும். அதை ஒரே மழையில் கழுவிவிடலாம். ஆகையால் இரசாயனப் பசளையைத் தொட்டாலே பாவம் என்றும் நாம் சொல்ல வேண்டாம், பை பையாகக் கொட்டினால்தான் விளையும் என்றும் சொல்ல வேண்டாம். மண்ணையும் ஓலையையும் பரிசோதித்து, தேவையறிந்து கொடுப்பதே அறிவுடைமை. அந்த அறிவு முதியவரானபின் அவசரமாகப் படித்து வருவதன்று. சிறு வயதிலேயே விரல் நுனியால் படிக்க வேண்டியது.

இன்னும் ஓர் ஆண்டு

இயேசு ஆண்டவர் சொன்ன உவமைகளில் எருவைப் பற்றிய உவமை ஒன்று உண்டு. லூக்காஸ் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அதைக் காணலாம். தோட்டத்துச் சொந்தக்காரன் மூன்று ஆண்டுகளாக அத்திமரத்தில் கனி தேடி வருகிறான். கனி இல்லை. வெட்டிவிடு என்கிறான். தோட்டக்காரனோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறான். சும்மா கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், பிறகு பார்ப்போம் என்கிறான்.

சொந்தக்காரன் மரத்தின் உச்சியைப் பார்த்தான். தோட்டக்காரன் மரத்தின் அடியைப் பார்த்தான். மேலே கனி இல்லையென்றால் கீழே என்ன குறை என்று கேட்கத் தெரிந்தவன் அவன்.

நம் பிள்ளைகளை நாமும் சொந்தக்காரனைப் போலத்தானே பார்க்கிறோம்? தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை புள்ளி என்று உச்சியையே பார்க்கிறோம். அடியைக் கொத்தி எருப்போட நமக்கு நேரமில்லை. மண்ணில் வேலை செய்து பழகிய பிள்ளை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறான். இன்று ஊன்றிய விதை நாளை முளைக்காது என்று அறிகிறான். தன் கையில் இல்லாத ஒன்றுக்காக, மழைக்காக, இறைவனை நோக்கிப் பார்க்கப் பழகுகிறான். செபம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு விளக்குவது மறையாசிரியருக்கு எவ்வளவு எளிது!

என்ன கற்பிக்கலாம்?

பெரிய நிலமும் பெரும் பணமும் இருந்தால்தான் இது கூடும் என்று எண்ணாதீர்கள். ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை அறியக்கூடியவை சிலவற்றை இங்கே சொல்கிறோம். கத்தரித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மண்ணைப் பார்க்கக் கற்றுக் கொடுங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு வளவு மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி ஓரிரவு அசையாமல் வையுங்கள். காலையில் பிள்ளையை எழுப்பிக் காட்டுங்கள். அடியில் மணல், அதன்மேல் வண்டல், அதற்கும் மேல் களி, நீரின்மேல் இலைத்துணுக்குகள் என்று வரிசையாக நிற்கும். நம் கரையோர வீடுகளில் பெரும்பாலும் மணலே நிறைந்திருக்கும். நம் மண்ணுக்கு என்ன குறை என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும்.

இரண்டாவது, மண் உயிருள்ளது என்று காட்டுங்கள். மழை பெய்த மறுநாள் மரநிழலில் ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்புழுக்களை எண்ணச் சொல்லுங்கள். பெருக்கி வெறுமையாக்கிய முற்றத்திலும் அப்படியே தோண்டி எண்ணட்டும். இரண்டு எண்ணிக்கையையும் கொப்பியில் எழுதட்டும். கண்ணுக்குத் தெரியும் புழுவோடு கதை முடியவில்லை. நல்ல மண் ஒரு கரண்டியில், உலகத்திலுள்ள மனிதரின் தொகையைவிட அதிகமான நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று சொல்லுங்கள். பிள்ளையின் கண்கள் விரிவதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது, குப்பையைக் கொளுத்தாதிருக்கப் பழக்குங்கள். விடிந்ததும் முற்றம் கூட்டிச் சருகைக் குவித்து நெருப்பு வைப்பது நம்மவரின் நெடுநாள் வழக்கம். எஞ்சுவது ஒரு பிடி சாம்பல். அதில் கொஞ்சம் பொட்டாசியம் தங்கும். ஆனால் நைதரசனும், நீரைப் பிடிக்கும் மக்கும் புகையாய்ப் போய்விடும். மணலில் வாழும் நாம் மக்கை எரிப்பது, வறியவன் காசுத்தாளை எரிப்பது போலாகும். வளவின் மூலையில் நிழலான இடத்தில் சருகு, புல், மரக்கறித் தோல், சாணம் என்று மாறிமாறி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, இடைக்கிடை புரட்டிவிட்டால், மூன்று மாதமளவில் கூட்டெரு ஆயத்தமாகும். மீன் கழிவைக் குவியலில் போடாமல் மரத்தடியில் ஆழப் புதையுங்கள். நாயும் கிளறாது, மரமும் பயன்பெறும். பொலித்தீனைத் தனியே பிரிப்பது பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும். நீர் தேங்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பதும் அவன் வேலையாகட்டும். டெங்கு நுளம்புக்கும் இடமிருக்காது.

நான்காவது, ஒரு பரிசோதனை. அடியில் துளையிட்ட இரண்டு பழைய தகரப் பேணிகளை எடுத்து, ஒன்றில் வெறும் மணலும் மற்றதில் கூட்டெரு கலந்த மணலும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை நீர் ஊற்றச் சொல்லுங்கள். எதில் நீர் விரைவாக ஓடுகிறது? எது பிடித்து வைக்கிறது? விதைப்பவன் உவமையில் நல்ல நிலம் என்று ஆண்டவர் ஏன் பிரித்துச் சொன்னார் என்பதை அந்தப் பேணியே விளக்கும். கெட்ட நிலத்தை நல்ல நிலமாக்க முடியும் என்ற நம்பிக்கையும் அதோடு பிறக்கும்.

ஐந்தாவது, தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஒரு வேலை. வீட்டிலே ஒரு தென்னை நின்றாலும் போதும். சமையலுக்கு உரித்த தேங்காயின் பொச்சைச் சேர்த்து, இருவருமாக ஒரு குழி வெட்டி அடுக்கி மூடுங்கள். அந்த மரம் இனி அந்தப் பிள்ளையின் மரம்.

இவற்றைச் செய்யும்போது காலில் செருப்பு வேண்டும், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். பூச்சிநாசினிப் போத்தல்கள் எக்காரணம் கொண்டும் சிறுவர் கைக்கு எட்டக்கூடாது.

"எங்களுக்கு வளவே இல்லை, நாங்கள் கடற்றொழில் செய்பவர்கள்" என்று சிலர் சொல்லலாம். ஓட்டை வாளியிலும் பழைய பசளைப் பையிலும் மிளகாயும் வல்லாரையும் வளரும். அதுமட்டுமல்ல, மீனவப் பெற்றோரே, உங்கள் வலைக்கு வரும் மீனும் இறாலும் குஞ்சாக வளர்ந்தது கண்டல் வேர்களின் நடுவே, அந்தச் சேற்றிலேதான். சேறு செத்தால் வலையும் வெறுமையாகும். சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பம்பலவில் கண்டல் தாவரங்களுக்கென்றே ஓர் அரும்பொருட் காட்சிசாலை 2016ஆம் ஆண்டு யூலை மாதத்தில் திறக்கப்பட்டது. அழித்த காட்டை மீண்டும் வளர்க்கவும், அதன் அருமையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் எழுந்த முயற்சி அது. இறால் பண்ணைகளால் காயப்பட்ட இந்தக் கரையிலேயே அது எழுந்தது என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி.

"பரீட்சைக்குப் படிக்கவே நேரமில்லையே" என்று இன்னும் சிலர் கேட்பார்கள். புழுவை எண்ணுவது கணக்கு. குழியை அளப்பது கணக்கு. கண்டதை எழுதுவது மொழி. ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே உண்டு. அதை மனப்பாடம் செய்விக்காமல் முற்றத்தில் செய்விப்போம் என்பதே நம் வேண்டுகோள்.

முன்னே நடந்தவர்கள்

இது புதுமையான போதனையல்ல. 1622ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் திகதி உரோமையில் ஐவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. நம் கரையோர மக்கள் பேரன்போடு போற்றும் புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களுள் ஒருவர். புனித இஞ்ஞாசியார், அவிலாவின் புனித தெரேசாள், புனித பிலிப்பு நேரியார் ஆகியோரும் இருந்தனர். ஐந்தாமவர் யார் தெரியுமா? மட்ரிட் நகரருகே அந்நியரின் நிலத்தில் கூலிக்கு ஏர் உழுத இசிதோர். நூல் எழுதியவரல்ல, சபை நிறுவியவரல்ல. உழுதார், செபித்தார், இருந்ததை ஏழைகளோடு பகிர்ந்தார். திருச்சபை அவரைச் சவேரியாரோடு ஒரே நாளில் பீடத்தில் ஏற்றியது. மே மாதம் 15ஆம் திகதி அவருடைய திருநாள். நம் பங்குகளில் அந்நாளில் பிள்ளைகளின் சிறு தோட்டங்களை மந்திரித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நம் தமிழ்க் கத்தோலிக்கருக்கு யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1928ஆம் ஆண்டில் வண. தோமஸ் அடிகளார் ஆரம்பித்த செபமாலைத் தாசர் சபையினர், இடைவிடாத செபத்தோடு கையுழைப்பையும் இணைத்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய நெல்லிரசத்தையும் முந்திரிகை இரசத்தையும் சுவைத்தவர்கள் அநேகர்.

1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் நம் சிலாபத்துக்கும் வந்து சென்றார். பத்தாண்டுகள் கழித்து, 1937ஆம் ஆண்டில், வார்தாவில் அவர் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். பிள்ளையின் கல்வி கையுழைப்பின் வழியாகவே தொடங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2015ஆம் ஆண்டு தை மாதத்தில் நம் நாட்டுக்கு வந்து மடு அன்னையின் பாதத்தில் செபித்த பாப்பரசர் பிரான்சிஸ், அதே ஆண்டு மே மாதத்தில் கையொப்பமிட்ட சுற்றுமடலில், பூமியைப் பேணும் கல்வி குடும்பத்தில், சிறு சிறு அன்றாடச் செயல்களில் தொடங்குவதை வலியுறுத்தினார். அந்த ஆண்டையே ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச மண் ஆண்டாகக் கொண்டாடியது. திருச்சபையும் உலகமும் ஒரே வேளையில் குனிந்து மண்ணைப் பார்த்தன. நாமும் குனிவோமா?

ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பணியின் பாரம் நமக்குத் தெரியும். ஆயினும் ஒன்றை மட்டும் கேட்கிறோம். இனிமேல் எந்தப் பிள்ளையையும் தண்டனையாகத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள். நன்றாகப் படித்த பிள்ளைக்கு, பிறருக்கு உதவிய பிள்ளைக்கு, பரிசாக அந்த வாய்ப்பைக் கொடுங்கள். இன்று கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றும் உரிமை உனக்கு என்று சொல்லிப் பாருங்கள். வரிசையில் நின்று கேட்பார்கள்.

பெற்றோரே, மண்வெட்டியைக் காட்டிப் பிள்ளையை அச்சுறுத்தாதீர்கள். உங்கள் பிள்ளை மருத்துவராகட்டும், பொறியியலாளராகட்டும், கணக்காளராகட்டும். ஆனால் தன் சோறு எங்கிருந்து வருகிறது என்று அறியாத மருத்துவராக, வாவியை நிரப்பிக் கட்டடம் எழுப்பக் கூசாத பொறியியலாளராக, நிலத்தை விலையாக மட்டுமே எண்ணும் கணக்காளராக ஆகவேண்டாம். நாளைக்கு இந்தக் கரையின் காணிகளைப் பற்றி முடிவெடுக்கப்போகிறவர்கள் இன்று முதலாம், இரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

மறையாசிரியர்களே, பிள்ளைகள் தாங்கள் வளர்த்த ஒரு பிடி கீரையை, இரண்டு மிளகாயைக் காணிக்கைப் பவனியில் கொண்டுவரச் செய்யுங்கள். நிலத்தின் விளைவும் மனித உழைப்பும் சேர்ந்ததே பீடத்தின் அப்பம் என்பதை அந்தப் பிள்ளைகள் விளக்கமின்றியே உணர்வார்கள்.

உயிர்த்த ஞாயிறன்று காலையில் கல்லறையருகே அழுதுகொண்டு நின்ற மரிய மதலேனாள், தன்முன் நின்ற ஆண்டவரைத் தோட்டக்காரன் என்று எண்ணினாள் என அருளப்பர் எழுதுகிறார். சாவை வென்ற ஆண்டவர் அதைக் கேட்டு மனம் நோகவில்லை. முதல் ஆதாம் தோட்டத்தில் வைக்கப்பட்டான். புதிய ஆதாமும் தோட்டத்திலேயே காட்சி தந்தார். தோட்டக்காரன் என்று அழைக்கப்படுவதை ஆண்டவரே இழிவாகக் கொள்ளாதபோது, நம் பிள்ளைகளுக்கு அதை இழிவென்று போதிக்க நாம் யார்?

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து வளவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு பிடி மண்ணை அள்ளி அந்தச் சிறு உள்ளங்கையில் வையுங்கள். இது இறைவன் நமக்குக் கொடுத்தது, உன் பிள்ளைக்கும் நீ இதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அன்றைய பிரசங்கத்தில் பிள்ளை மறக்காத பகுதி அதுவாகவே இருக்கும்.

தோட்டத்தை நம் கையில் ஒப்படைத்த ஆண்டவர், உங்கள் பிள்ளைகளின் கைகளையும், அவை தொடும் மண்ணையும் ஆசீர்வதிப்பாராக.